தலைவர் நாற்காலியும் கணக்கு ஏடும்



ஆண்டின் தொடக்கத்தில் நம் தமிழ்ப்பள்ளிகள்தோறும் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறும். கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் தேர்தல் இருக்கும். அதற்குள் மதியமாகிவிடும். சமைத்து வைத்த மீகூனின் வாசனை மண்டபத்துக்குள் வந்துவிடும். ஒருவர் எழுந்து, "இருப்பவரே இருக்கட்டும்" என்று முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லாரும் கைதட்டுவர். தேர்தல் முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில் அவ்வாறே நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். "தலைவரை மாத்தச் சொல்லலைங்க. போன வருசம் விளையாட்டுப் போட்டிக்கு வசூலிச்ச பணத்துக்குக் கணக்கு எங்கன்னு மட்டும் கேக்குறேன்" என்றார். மண்டபம் அமைதியாயிற்று. "அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் அம்மா" என்று சொல்லி அவரை அமரச் செய்தார்கள். அன்று சங்கத்தின் செயலாளராக மேடையில் அமர்ந்திருந்தவன் நான். கணக்கு ஏடு என் பைக்குள்தான் இருந்தது. பணம் எதுவும் காணாமற் போகவில்லை. ஆனால் வரவு செலவுகளை நான் முறையாக எழுதி முடிக்கவில்லை. ஆகவே நானும் வாய் திறக்கவில்லை.

அந்தத் தாயின் கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியது. தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன? கைதட்டி ஒருவரை நாற்காலியில் அமர்த்துவதோடு அது முடிந்துவிடுகிறதா? இக்கேள்விக்கு விடை தேடியபோது, நம் மலேசிய மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய ஓர் அறிஞர் சங்கத்தின் வரலாறு கண்ணில் பட்டது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

துரை அமர்த்திய தலைவர்கள்

முதலில் நம் வட்டாரத்தின் நிலையைப் பார்ப்போம். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனப் பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் ரப்பர் மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் வாழ்ந்தனர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இங்குள்ள தெனமாரம் தோட்டத்தில்தான் பயிரிடப்பட்டது. அத்தோட்டத்தின் பெயரே 'தென்னமரம்' என்னும் நம் சொல்தான்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது. ஆனால் அப்பள்ளியின் தலைமை யாரிடம் இருந்தது? தோட்டத் துரையிடம். அவருக்கு அடுத்து, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியாரிடம். கோயில் திருவிழாவானாலும் பள்ளிக் கட்டடமானாலும், முடிவு மேலிருந்து வந்தது. மக்கள் கைகட்டி நின்றனர். தொழிற்சங்கம்தான் அவர்களுக்கு வாக்களிக்கும் பழக்கத்தைக் கற்றுத் தந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. ஆக, நமக்குரிய தலைவரை நாமே தேர்வது என்பது நம் தோட்டங்களில் மூன்று தலைமுறைப் பழக்கம்தான். கேள்வி கேட்ட அந்தத் தாயை அமரச் செய்தபோது, துரை காலத்துப் பழக்கத்தையே நாம் மீண்டும் கையாண்டோம் என்பதை நான் பின்னர்தான் உணர்ந்தேன்.

குடத்திலிட்ட ஓலை

தோட்டத்தில்தான் இது புதிது. தமிழர் வரலாற்றில் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டையும் மற்றொன்று 921ஆம் ஆண்டையும் சேர்ந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட விதித்தனர். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கமாக இருக்க வேண்டும்.

அது அந்தணர் ஊர். சொந்த நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமுண்டு. உழுதவனுக்கும் பெண்டிருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆகவே அதனை இன்றைய மக்களாட்சி என்று பெருமை பேசுவது பொருந்தாது. ஆயினும் அக்கல்வெட்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு உள்ளன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது. அண்மைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவரும் தேர்வுக்கு உரியவர் அல்லர். வாரியத்தின் காலமும் 360 நாட்களே. யாரைத் தேர்வது என்பதைவிட, தேர்ந்தவர் எப்போது இறங்க வேண்டும், எதைக் காட்டிவிட்டு இறங்க வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தனர்.

தில்லியில் பிறந்த மன்றம்

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்திய ஒரு தேர்வுக்கு இப்போது வருவோம். 1964ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் 26ஆவது அனைத்துலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடைபெற்றது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களைத் தனிநாயகம் அடிகளாரும் பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியமும் ஒன்று கூட்டினர். சனவரி 7ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது.

அடிகளார் இலங்கையின் ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்தவர். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தவர். மன்றம் அவருடைய கனவு. அவரே அதன் தலைவராக அமர்ந்திருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் மன்றத்தின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பாரிசைச் சேர்ந்த பேராசிரியர் ழான் பிலியோசா. கண் மருத்துவராக இருந்து இந்தியவியல் அறிஞரானவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை 1955இல் தோற்றுவித்தவர். ஆக்சுபோர்டின் தாமஸ் பரோ, லெய்டனின் கைப்பர், கலிபோர்னியாவின் எமனோ முதலியோர் துணைத் தலைவர்கள். அடிகளாரோ பிராகாவின் கமில் சுவலபிலோடு சேர்ந்து செயலாளர் பொறுப்பை ஏற்றார். கடிதம் எழுதுவதும் ஆள் திரட்டுவதும் கட்டுரை கேட்பதுமான உழைப்பு அனைத்தும் அந்தப் பொறுப்பில்தான் இருந்தது.

இத்தேர்வை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தமிழ்நாடு, ஈழம், மலேசியா, சிங்கப்பூர் என்று தமிழர் பல நாடுகளில் வாழ்கின்றனர். ஒரு நாட்டுத் தமிழரைத் தலைவராக்கினால் மற்ற நாட்டார்க்கு மனத்தாங்கல் எழலாம். ஆளுங்கட்சிகளின் நிழலும் விழலாம். எல்லா நாட்டாரும் ஏற்கும் ஒரு நடுவர் தேவைப்பட்டார். அவைத் தலைவர் என்பவர் அவையின் உரிமையாளர் அல்லர், அவையின் நடுவர். இதனை உணர்ந்தே அடிகளார் நாற்காலியை விட்டு எழுதுகோலை எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மன்றத்தின் முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை நடைபெற்றது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். அப்போது என் தந்தையார் புக்கிட் ரோத்தானை அடுத்த ஒரு தோட்டத்தில் பத்து வயதுச் சிறுவர். மாலையில் கிராணியார் வீட்டுத் திண்ணையில் நாளிதழைப் படித்துக் காட்டுவாராம். வெள்ளைக்காரர் ஒருவர் தமிழ் மன்றத்துக்குத் தலைவராம் என்று கேட்டதும், பால்மரத்துக்குத் துரை வெள்ளைக்காரர், தமிழுக்குமா என்று ஒரு முதியவர் சிரித்தாராம். அதற்குக் கிராணியார், "அவர் துரை இல்லையப்பா, நம்ம ஆளுங்க ஓட்டுப் போட்டு வச்சவர்" என்றாராம். தந்தையார் இதனைப் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுமத்தப்பட்ட தலைமைக்கும் தேர்ந்தெடுத்த தலைமைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் திண்ணையிலேயே ஒருவர் விளக்கிவிட்டார்.

தலைமைக்கு வந்த சோதனைகள்

மாநாடுகள் தொடர்ந்தன. 1968இல் சென்னை, 1970இல் பாரிசு. நான்காம் மாநாட்டின்போதுதான் தலைமைக்குக் கடும் சோதனை வந்தது. மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்று இலங்கை அரசு விரும்பியது. யாழ்ப்பாணத்தில்தான் நடத்த வேண்டும் என்று மன்றத்தின் இலங்கைக் கிளையினருள் பலர் நின்றனர். கிளைக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. இறுதியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் 1974 சனவரியில் யாழ்ப்பாணத்திலேயே மாநாடு நடந்தது. நிறைவாகச் சனவரி 10ஆம் நாள் மக்கள் திரண்டிருந்த கூட்டத்தில் காவல்துறை புகுந்ததும் அப்பாவி உயிர்கள் பலியானதும் நாம் அறிந்த துயர வரலாறு. மாநாட்டை எந்த ஊரில் நடத்துவது என்பது சிறு செய்தி போலத் தோன்றும். அதனை யார் முடிவு செய்வது என்பதோ சிறு செய்தியன்று.

1981இல் மதுரை, 1987இல் மீண்டும் கோலாலம்பூர், 1989இல் மொரிசியசு என மாநாடுகள் நடந்தன. 1989ஆம் ஆண்டில் சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா தலைவர் பொறுப்பை ஏற்றார். சோழர் கால ஊர்களையும் நிலவுடைமையையும் கல்வெட்டுகளின் துணைகொண்டு எண்ணிக்கை முறையில் ஆராய்ந்தவர். அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சோழர் கால ஊர்களை அவர் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு புகழ் பெற்றது. சோழர் கால ஊர்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவரையே தமிழாராய்ச்சி மன்றம் தன் அவைக்குத் தலைவராக்கியது எத்துணைப் பொருத்தம்!

அவர் காலத்தில் எட்டாம் மாநாடு 1995 சனவரியில் தஞ்சாவூரில் நடந்தது. அம்மாநாட்டுக்கு வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆய்வாளரை அழைக்கும் உரிமை மன்றத்திடமும், நுழைய விடும் அதிகாரம் அரசிடமும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று.

பின்னர் 2009ஆம் ஆண்டில், அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாடு 2010 சனவரியில் கோயம்புத்தூரில் நடைபெறும் என அறிவித்தார். தரமான ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்ட அக்கால அளவு போதாது என்றார் கராசிமா. மாநாட்டைச் சூன் மாதத்துக்குத் தள்ளிவைக்க அரசு முன்வந்தது. அதுவும் போதாது என்று அவர் நின்றார். கோடிக்கணக்கில் செலவிட அரசு அணியமாக இருந்தும், மன்றத்தின் பெயரை அவர் தரவில்லை. ஆகவே 2010 சூன் 23 முதல் 27 வரை கோவையில் நடந்தது 'உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு' என்னும் வேறு பெயர் கொண்டது. அவ்வாண்டிலேயே கராசிமா தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்நிகழ்வை இரு கண் கொண்டு பார்க்க வேண்டும். ஆட்சியிலிருப்பவரிடமும் "இயலாது" என்று சொல்ல ஒரு தலைவரால் முடிந்தது. துரை அமர்த்திய தலைவரால் துரையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அறிஞர் அவை தந்த பொறுப்பு என்பதனால்தான் அவரால் சொல்ல முடிந்தது. இது ஒரு கண். மறு கண்ணையும் மூடிக்கொள்ளக் கூடாது. 1989 முதல் 2010 வரை 21 ஆண்டுகள் ஒருவரே தலைவர். 1995க்குப் பிறகு 15 ஆண்டுகள் மாநாடே இல்லை. மாநாடு கூடினால்தானே உலகெங்கும் சிதறிக் கிடக்கும் உறுப்பினர் ஓரிடத்தில் சேர்ந்து பேசவும் புதியவரைத் தேரவும் வாய்ப்புண்டு? கூடாத சங்கத்தில் தலைவர் எவ்வளவு நேர்மையானவராயினும் தனி மனிதராகிவிடுகிறார்.

நியூட்டன் அமர்ந்த நாற்காலி

இச்சிக்கல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இலண்டனின் அரச கழகம் உலகின் பழம்பெரும் அறிவியல் சங்கங்களுள் ஒன்று. அதன் தலைவராக 1703இல் ஐசக் நியூட்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. ஆயினும் 1727இல் இறக்கும்வரை அவரே திரும்பத் திரும்பத் தேர்வு பெற்றார். நுண்கணிதத்தை முதலில் கண்டவர் நியூட்டனா, செருமானியரான லைப்னிட்சா என்ற வழக்கு எழுந்தபோது, அதனை விசாரிக்க 1712இல் அரச கழகம் குழு அமைத்தது. குழு நியூட்டனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்த அறிக்கையைத் திரைமறைவில் எழுதியவர் நியூட்டனே என்று வரலாற்றாசிரியர்கள் கண்டறிந்தனர். அறிவில் அவருக்கு நிகரில்லை. ஆனால் தம் வழக்குக்குத் தாமே நடுவரானார். தேர்தல் ஆண்டுதோறும் நடந்தது உண்மையே. கேள்வி கேட்க எவரும் எழவில்லை என்பதும் உண்மையே.

ஒரே எண், இரண்டு மாநாடு

கராசிமா விலகிய பிறகு நம் நாட்டைச் சேர்ந்த கல்வியாளர் டத்தோ த. மாரிமுத்து மன்றத்தின் தலைவரானார். ஒன்பதாம் மாநாடு 2015 சனவரி இறுதியில் தொடங்கிக் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. நானும் விடுப்பெடுத்துச் சென்று பார்வையாளனாய் அமர்ந்திருந்தேன். அடிகளார் பணியாற்றிய வளாகத்தில் தமிழ் ஒலிக்கக் கேட்டபோது தந்தையார் சொன்ன திண்ணைக் கதை நினைவுக்கு வந்தது. பத்தாம் மாநாடு 2019இல் சிகாகோவில் நடந்தது.

அதன் பின்னர் மன்றத்தில் பிளவு. 2023 சூலை மாதத்தில் 'பதினொன்றாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு' இரண்டு நடந்தன; சென்னையில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று. எது சரி, எது தவறு என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. இருபுறமும் தமிழுக்கு உழைத்த பெரியோர் உள்ளனர். ஆனால் ஒரு மாணவன் என்னிடம், "ஐயா, பதினொன்று எப்படி ரெண்டு வரும்?" என்று கேட்டால், கணிதப் பாடம் நடத்தும் ஆசிரியனாகிய நான் என்ன விடை சொல்வேன்? யார் உறுப்பினர், யார் வாக்களிக்கலாம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பவற்றை எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தால், பதினொன்று இரண்டாகியிருக்காது என்பதே என் எண்ணம்.

நாம் செய்ய வேண்டுவது

உலக மன்றத்தை நம்மால் திருத்த இயலாது. நம் பள்ளிக் கூட்டத்தைத் திருத்தலாம். அந்தத் தாய் கேள்வி கேட்ட மறு ஆண்டு, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு நான் மூன்று காரியங்களைச் செய்தேன். கூட்டத்திற்கு இரண்டு வாரம் முன்பே வரவு செலவுக் கணக்கை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் பிள்ளைகள் வழியாக எல்லா வீடுகளுக்கும் அனுப்பினேன். தேர்தலை நிகழ்ச்சி நிரலின் முற்பகுதிக்குக் கொண்டு வந்தேன். போட்டியிடாத ஒருவரைத் தற்காலிகத் தலைவராக அமர்த்திக் கைதட்டலுக்குப் பதில் வாக்குச் சீட்டு வழங்கினோம். எழுதத் தயங்கியவர்களுக்காகச் சீட்டில் வேட்பாளரின் பெயரோடு எண்ணும் இட்டோம்.

பழைய தலைவரே மீண்டும் வென்றார். அவர் நல்ல மனிதர்; பள்ளிக்குக் கூரை மாற்றித் தந்தவர். ஆனால் இம்முறை அவர் பேசிய பேச்சு வேறாக இருந்தது. "எனக்கு எதிராப் பத்தொன்பது ஓட்டு விழுந்திருக்கு. அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு நான் கேக்கணும்" என்றார். கைதட்டலில் அந்தப் பத்தொன்பது பேர் எவருக்கும் தெரியாமற் போயிருப்பார்கள். கேள்வி கேட்ட அந்தத் தாய் சங்கத்தின் கணக்காய்வாளராகத் தேர்வு பெற்றார். அவ்வாண்டு முழுவதும் மாதந்தோறும் என் கணக்கு ஏட்டை வாங்கி, விரலால் வரி வரியாய்த் தொட்டுப் படிப்பார். என் கூட்டல் பிழை இரண்டை அவர்தாம் கண்டுபிடித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் அவ்வாண்டைப் போல் நிம்மதியாக நான் செயலாளர் பணி செய்த ஆண்டு வேறில்லை.

பெற்றோர்களே, அடுத்த பொதுக்கூட்ட அழைப்பு உங்கள் பிள்ளையின் பைக்குள் வரும்போது, அதனைக் குப்பையில் இடாதீர்கள். கூட்டத்திற்கு வாருங்கள், கேளுங்கள், வாக்களியுங்கள். ஆசிரிய நண்பர்களே, பின்வரிசையில் ஒரு தாய் எழுந்தால் அவரை அமரச் சொல்லாதீர்கள். கணக்கு ஏட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமீது வையுங்கள்.